அகதிகளுக்குக் கடை திறந்த பெண்: கமலாதேவி சட்டோபாத்யாய்

மாத்தளையிலிருந்து ரத்தோட்டை ஏறி, ரிவர்ஸ்டன் உச்சியைக் கடந்து மறுபக்கம் இறங்கினால் லக்கல. பழைய லக்கல பல்லேகம நகரம் இன்று களு கங்கை நீர்த்தேக்கத்துக்குள் கிடக்கிறது. கடைத்தெரு, பாடசாலை, வீட்டுத் தோட்டத்தில் மிளகுக்கொடி படர்ந்த மரங்கள் எல்லாம் தண்ணீருக்கு அடியில். அங்கிருந்த குடும்பங்கள் புதிய குடியேற்றங்களில் புதிய வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களில் சில பெண்களுக்குச் சுயதொழில் பயிற்சி கொடுக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். தையல் பயிற்சி.

தையல் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு வன்னி ஞாபகம் வந்துவிட்டது. 2011இல், முகாம்களிலிருந்து மக்கள் ஊர் திரும்பிக்கொண்டிருந்த காலத்தில், முல்லைத்தீவுப் பக்கத்துக் கிராமமொன்றில் ஆறு மாதம் தையல் சொல்லிக்கொடுத்தேன். இருபத்திரண்டு பெண்கள். பாதிப்பேர் கணவனை இழந்தவர்கள், அல்லது கணவன் எங்கே என்று தெரியாதவர்கள். கடைசி நாளில் சான்றிதழ், ஆளுக்கொரு தையல் இயந்திரம், குழுவாக ஒரு படம். இரண்டு வருடம் கழித்துப் போய்ப் பார்த்தேன். ஓர் இயந்திரத்தின்மேல் சாமிப்படம் வைத்திருந்தார்கள். இன்னொன்றின்மேல் சோற்றுப்பானை. மூன்று இயந்திரங்கள் நுண்கடன் தவணை கட்டுவதற்காக விற்கப்பட்டிருந்தன. ஓர் அக்கா என்னைத் திட்டவில்லை. தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டு, ஒரே தெருவில் இருபத்திரண்டு தையல்காரிகள் இருந்தால் யாருக்கு யார் தைப்பது என்று மட்டும் கேட்டார். கொழும்பிலிருந்து லொறியில் வரும் ஆயத்த ஆடை, அவர் வாங்கும் துணியின் விலைக்கே கிடைத்தது.

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. பிறகுதான் அகதிகளைப் பற்றிய பழைய புத்தகங்களைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். அப்படித்தான் கமலாதேவி சட்டோபாத்யாயைக் கண்டடைந்தேன். அவர் இறந்து பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. இந்தியாவில் அவரைக் கைவினைப்பொருட்களின் தாய் என்று கொண்டாடுகிறார்கள். பட்டுச்சேலையும் பெரிய பொட்டுமாக முத்திரைகளில் சிரிக்கும் அந்த அம்மாவைவிட, 1947க்குப் பிறகு அகதி முகாம்களில் அலைந்த கமலாதேவிதான் நமக்கு வேண்டியவர் என்று நினைக்கிறேன்.

நம் தீவுக்கும் அவருக்கும் உறவு உண்டு. 1931இல் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸின் மாநாட்டுக்கு வந்து பேசியவர் அவர். ஹன்டி பேரின்பநாயகம் போன்ற இளைஞர்கள் பூரண சுயராச்சியம் கேட்டு, அந்த வருட அரசாங்க சபைத் தேர்தலை யாழ்ப்பாணம் பகிஷ்கரிக்க வேண்டும் என்று நின்ற காலம் அது. 1937இல் சமசமாஜக் கட்சியின் அழைப்பில் மறுபடியும் வந்தார். இம்முறை தோட்டத் தொழிலாளரிடம் போனார். அந்த வருடம் ஏப்ரல் 3ஆம் திகதி நாவலப்பிட்டியில் நடந்த கூட்டத்தில் அவரும் பேசினார். அதே மேடையில்தான் மார்க் பிரேஸ்கேடில் என்ற வெள்ளைக்கார இளைஞரைத் தொழிலாளருக்கு அறிமுகப்படுத்தினார்கள். மடுல்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் துரைமார் தொழில் பழக வந்து, தொழிலாளரோடு சேர்ந்துகொண்டதால் வேலை போனவர் அவர். அவரை நாடுகடத்த வெள்ளை அரசு உத்தரவிட்டதும், அவர் தலைமறைவானதும், நீதிமன்றம் அந்த உத்தரவைத் தள்ளியதும் மலையக வரலாற்றில் எல்லோரும் படித்த கதை. நக்கிள்ஸ் மலைக்கு அந்தப் பக்கம் மடுல்கலை, இந்தப் பக்கம் லக்கல. நாவலப்பிட்டிக் கூட்டம் நடந்த அன்று கமலாதேவிக்கு முப்பத்துநான்கு வயது நிறைந்தது. யாராவது வாழ்த்துச் சொன்னார்களோ தெரியாது.

1903இல் மங்களூரில் பிறந்தவர் கமலாதேவி. தகப்பன் மாவட்ட அதிகாரி, நிறையச் சொத்து. கமலாதேவிக்கு ஏழு வயதானபோது, உயில் எழுதாமலே அவர் இறந்துபோனார். அன்றைய சட்டப்படி சொத்து முழுவதும் மூத்த தாரத்து மகனுக்குப் போனது. தாய் கிரிஜாபாய்க்கும் பெண்பிள்ளைகளுக்கும் மாதாந்தம் ஒரு படிப்பணம் மட்டும். அந்தப் பணத்தைத் தாய் வாங்க மறுத்துவிட்டார். தன் சீதனச் சொத்தை வைத்துப் பிள்ளைகளை வளர்த்தார். கையில் கொடுக்கும் படிப்பணத்துக்கும் தன் பெயரில் இருக்கும் சொத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஏழு வயதிலேயே கண்டவர் கமலாதேவி. பின்னாளில் நிவாரணம் என்ற சொல்லை அவர் அவ்வளவாக விரும்பாததற்கு வேர் இங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. இது என் ஊகம்.

பதினான்கு வயதில் கலியாணம் செய்து வைத்தார்கள். இரண்டு வருடத்துக்குள் விதவை. அந்தக் காலத்துப் பிராமண வீட்டில் அதோடு ஒரு பெண்ணின் கதையை மூலையில் வைத்துவிடுவார்கள். இவரோ சென்னைக்குப் போய் ராணி மேரி கல்லூரியில் படித்தார். அங்கே சரோஜினி நாயுடுவின் தம்பி ஹரீந்திரநாத் சட்டோபாத்யாயைச் சந்தித்து, இருபது வயதில் மறுமணம் செய்துகொண்டார். ஊரும் உறவும் கொதித்தது. கணவர் கவிஞர், நாடகக்காரர். இருவரும் நாடகம் போட்டு ஊர் ஊராகத் திரிந்தார்கள். ஒரு மகன் பிறந்தான். அந்தக் கலியாணமும் பின்னர் விவாகரத்தில் முடிந்தது. விதவை, மறுமணம் செய்தவள், விவாகரத்தானவள் என்று சமூகம் ஒரு பெண்ணுக்கு ஒட்டக்கூடிய சீட்டு அத்தனையும் அவர்மேல் ஒட்டப்பட்டிருந்தது. முகாம்களில் தனியே நின்ற பெண்களைப் பார்த்தபோது அவர் மேலிருந்து கீழே பார்க்கவில்லை என்றால், அதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அரசியல் பகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1926இல் மதராஸ் சட்டசபைத் தேர்தலில் நின்றார். இந்தியாவில் தேர்தலில் போட்டியிட்ட முதற்பெண் என்று அவரைச் சொல்வார்கள். சொற்ப வாக்குகளில் தோற்றார். 1930 உப்புச் சத்தியாக்கிரகத்தில் பெண்களைச் சேர்க்கக் காந்தி முதலில் தயங்கினார். அவரோடு வாதாடிச் சம்மதம் வாங்கியவர்களில் கமலாதேவி முக்கியமானவர். பம்பாய்ப் பங்குச்சந்தைக்குள் நுழைந்து, காய்ச்சிய உப்பைப் பொட்டலம் பொட்டலமாக விற்றார். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. மற்றவர்கள் உப்பைக் காய்ச்சிக் கைதானார்கள், இவர் அதை விற்கவும் போனார். 1936இல் காங்கிரஸ் சோசலிசக் கட்சிக்குத் தலைவரானார். பலமுறை சிறை.

பிறகு 1947. இந்தியா இரண்டாகப் பிரிந்து, ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் இரண்டு பக்கமும் இடம்பெயர்ந்தார்கள். டெல்லி அகதிகளால் நிறைந்தது. வடக்கே குருக்ஷேத்திரத்தில் இலட்சக்கணக்கானோர் கூடாரங்களில் கிடந்தார்கள். கூடாரத்துக்குள் வெயிலும் மழையும் எப்படி இருக்கும் என்று மெனிக் பாமில் இருந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கூட இருந்து போராடியவர்கள் ஒருவர்பின் ஒருவராக அமைச்சர்களும் ஆளுநர்களும் தூதுவர்களும் ஆனார்கள். கமலாதேவி முகாம்களுக்குப் போனார்.

1948இல் அவரும் நண்பர்களும் இந்தியக் கூட்டுறவு ஒன்றியத்தைத் தொடங்கினார்கள். அகதிகளை உதவி வாங்குபவர்களாக அல்லாமல், உழைத்துத் தங்கள் தொழிலைத் தாங்களே நிர்வகிப்பவர்களாக நிமிர்த்த வேண்டும் என்பது நோக்கம். முதலில் டெல்லிக்கு அருகே சத்தர்பூரில், நிலமிழந்து வந்த விவசாயிகளைக் கூட்டுறவாகச் சேர்த்து நிலத்தில் இறக்கினார்கள். டெல்லிக் கல்லூரிகளில் படித்த இளைஞர்கள் சிலர் இதற்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவரான எல்.சி. ஜெயின் பிற்காலத்தில் இந்தக் கதையைப் புத்தகமாக எழுதினார்.

பெரிய சோதனை பரிதாபாத். வடமேற்கு எல்லை மாகாணத்திலிருந்து, பன்னு போன்ற ஊர்களிலிருந்து வந்த பத்தான் நாட்டு இந்துக்களும் சீக்கியரும் அவர்கள். கான் அப்துல் கபார் கானின் இயக்கத்தில் பழகியவர்கள் பலர். அரசு அவர்களைப் பிரித்து வெவ்வேறு இடங்களுக்கு அனுப்பப் பார்த்தது. மறுத்தார்கள். ஒரே ஊராக வந்தோம், ஒரே ஊராகவே குடியேறுவோம் என்று சத்தியாக்கிரகம் இருந்தார்கள். கடைசியில் டெல்லிக்குத் தெற்கே பரிதாபாத் கிடைத்தது. 1949இல் வேலை தொடங்கியது. ராஜேந்திர பிரசாத் தலைமையில் ஓர் அபிவிருத்திச் சபை, சுதிர் கோஷ் நிர்வாகி, பிரதமர் நேருவே கூட்டங்களுக்கு வந்தார். மக்களைக் கூட்டுறவாக அமைக்கும் பொறுப்பு கமலாதேவியின் ஒன்றியத்துக்கு.

வழமையாக என்ன நடக்கும்? ஒப்பந்தக்காரர் வருவார், வீடு கட்டுவார், அகதி திண்ணையில் உட்கார்ந்து உலர் உணவு நிவாரணம் வாங்குவார். பரிதாபாத்தில் ஒப்பந்தக்காரருக்குப் பதில் அகதிகளே கட்டினார்கள். அவர்களில் பெரும்பாலானோர் கடைக்காரர்கள், வியாபாரிகள். கல் அறுத்ததில்லை, சாந்து குழைத்ததில்லை. இலவச ரேஷன் நிறுத்தப்பட்டு வேலைக்குக் கூலி வந்தது. முதலில் முணுமுணுப்பு இருந்தது. வேலையிலேயே வேலையைப் பழகினார்கள். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள், பாடசாலைகள், ஆஸ்பத்திரி எல்லாம் எழுந்தன. போர் இழப்பீடாக ஜேர்மனியிலிருந்து வந்து துருப்பிடித்துக் கிடந்த மின்னுற்பத்தி இயந்திரத்தைக் கொண்டுவந்து பொருத்தினார்கள். பயிற்சியும் கூலியும் வீடும் ஒரே வேலையில் வந்தன. நம் மீள்குடியேற்றத்தில் வீட்டுத் திட்டம் ஒரு திணைக்களம், வாழ்வாதாரம் இன்னொரு நிறுவனம், பயிற்சி மூன்றாவது நிறுவனம். வீட்டைக் கட்டி முடிக்கக் கடன்பட்டுக் கூலி மேசனைத் தேடிய அதே பெண்ணுக்குத்தான் பக்கத்து மண்டபத்தில் நான் தையல் சொல்லிக்கொடுத்தேன்.

ஆனால் பரிதாபாத்தை ஒரு வெற்றிக்கதையாக மட்டும் சொன்னால் அது பொய். வீடு கட்டி முடிந்த நாளில் வேலையும் முடிந்தது. ஐம்பதாயிரம் பேர் வரையான ஓர் ஊருக்கு அடுத்த நாள் என்ன தொழில்? சிறு கைத்தொழில் கூட்டுறவுகள் தொடங்கப்பட்டிருந்தன. அவை காலூன்றுவதற்குள், அரசாங்கத்தின் திணைக்களங்கள் ஒவ்வொன்றாகத் தங்கள் பிடியை இறுக்கின. கணக்குக் கேட்டார்கள், கோப்புக் கேட்டார்கள், அனுமதி கேட்டார்கள். கூட்டுறவுகள் நொடித்தன. பெரிய கம்பனிகள் வந்தன; அவற்றின் வாசலில் அகதிகள் தொழிலாளராக நின்றார்கள். பரிதாபாத் இன்று பெரிய தொழில் நகரம்தான். கமலாதேவி கனவு கண்ட நகரம் அதுவல்ல. எல்.சி. ஜெயினின் புத்தகத்தில் இந்தத் தோல்வியின் பகுதியையே நான் இரண்டு முறை படித்தேன்.

அவர் அதோடு ஓயவில்லை. ஒரு பாடம் படித்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். பொருள் செய்யத் தெரிந்தால் போதாது, அதை விற்கும் இடமும் செய்பவர் பக்கம் இருக்க வேண்டும். டெல்லியில் ஏற்கெனவே சில பெண்கள், முகாம்களில் இருந்த பஞ்சாப் பெண்களின் கையெம்பிராய்டரியையும் தையலையும் விற்றுக்கொடுக்கக் கடை போட்டிருந்தார்கள். அந்தப் பெண்களுக்கு யாரும் புதிதாகத் தொழில் பழக்கவில்லை. தங்கள் சீதனப் போர்வைகளுக்காகத் தாயிடமும் பேத்தியிடமும் பழகிய புல்காரித் தையல் அது. வீட்டைவிட்டு ஓடும்போது நகையை விட்டு வந்திருக்கலாம், கைப்பழக்கத்தை யாரும் பறிக்க முடியவில்லை. 1952இல் அரசின் மத்தியக் குடிசைக் கைத்தொழில் விற்பனை நிலையத்தின் நிர்வாகம் கூட்டுறவு ஒன்றியத்திடம் வந்தது. நொடித்துக்கிடந்த அந்தக் கடையை டெல்லியின் முக்கியமான கடைகளில் ஒன்றாக ஆக்கினார்கள். வெளிநாட்டுத் தலைவர்கள் வந்தால் கூட்டிக்கொண்டு போகும் இடமாயிற்று.

அதே வருடம் அகில இந்தியக் கைவினைப்பொருள் சபை அமைந்தது. கமலாதேவி தலைவர். ஏறக்குறைய இருபது வருடம் அந்த நாற்காலியில் இருந்தார். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்திருந்த நேரம் குறைவு. காரிலும் ரயிலிலும் மாட்டுவண்டியிலும் ஊர் ஊராகப் போய், ஒரு தொழிலைத் தெரிந்த கடைசிக் கிழவரைத் தேடிப்பிடிப்பார். அவரிடம் இளையவர்களை உட்கார வைப்பார். ஸ்ரீகாளஹஸ்தியில் அழியும் நிலையில் இருந்த கலம்காரித் துணியோவியத்துக்குப் பயிற்சிக்கூடம் வந்தது இப்படித்தான். பழக்கினால் போதும் என்று விடவில்லை. என்ன அளவில் செய்தால் வீட்டுக்குப் பயன்படும், என்ன நிறம் விற்கும் என்று பார்க்க வடிவமைப்பு நிலையங்கள், செய்தவரின் பெயர் வெளியே தெரிய தேசிய விருதுகள், வாங்குபவர் வர விற்பனை நிலையங்கள். 1964இல் உலகக் கைவினைச் சபை உருவானபோது அதை நிறுவியவர்களில் அவரும் ஒருவர். அதே வருடம் சென்னையில் இந்தியக் கைவினைக் கழகமும் தொடங்கியது. 1966இல் மகசேசே விருது கிடைத்தது.

குறையும் சொல்ல வேண்டும். இந்தக் கடைகளில் வாங்கியவர்கள் பெரும்பாலும் டெல்லி மேட்டுக்குடியும் வெளிநாட்டவரும். ஒரு சேலை எம்போரியத்தில் எவ்வளவுக்கு விற்றது, அதை நெய்தவர் கையில் எவ்வளவு போனது என்ற கேள்வி அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. விருது வாங்கிய கைவினைஞர்கள் வறுமையில் இறந்திருக்கிறார்கள். கூட்டுறவு என்று பெயர் வைத்தாலே இடைத்தரகர் ஒழிந்துவிடமாட்டார். கமலாதேவிக்கும் இது தெரியாததல்ல. இறுதிவரை கைத்தொழிலாளிக்கு நியாயமான விலை கிடைப்பதைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தார். 1986இல் சுயசரிதை வெளிவந்தது. 1988 ஒக்டோபர் 29ஆம் திகதி பம்பாயில் காலமானார். எண்பத்தைந்து வயது.

வடக்கில் பனையோலைப் பெட்டி பின்னும் ஒரு தாயின் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது இதையெல்லாம் யோசித்தேன். நம்மிடம் கூட்டுறவு புதிதில்லை. யாழ்ப்பாணத்தில் மூளாயில் கூட்டுறவாக ஓர் ஆஸ்பத்திரியையே கட்டி நடத்தினார்கள். பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம் இல்லாத ஊரே கிடையாது. பனை, தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் போருக்குள்ளும் உயிரோடிருந்தன. இருந்தும் 2009க்குப் பிறகு உதவி வந்தபோது, அந்தச் சங்கங்களைத் தாண்டி, ஆளுக்கொரு பொருளாகக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஆளுக்கொரு கோழிக்கூடு, ஆளுக்கொரு ஆடு, ஆளுக்கொரு தையல் இயந்திரம். பின்னாலேயே நுண்கடன் கம்பனிகள் வந்தன. குழுவாகச் சேர்வது என்றால் ஒருத்தியின் தவணைக்கு மற்றவள் பிணை நிற்பது என்ற அர்த்தத்தை அவர்கள்தான் ஊருக்குப் பழக்கினார்கள். அந்தப் பாரம் வடக்கு கிழக்கோடு நிற்கவில்லை. 2021இல் பொலன்னறுவை மாவட்டத்து ஹிங்குராக்கொடையில் சிங்களப் பெண்கள் நுண்கடனுக்கு எதிராக வாரக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். லக்கலையிலிருந்து அது வெகுதூரமில்லை.

லக்கலயில் முதல் நாள் வகுப்புக்குப் பதினெட்டுப் பேர் வந்தார்கள். அவர்கள் யுத்தத்தில் வீடிழந்தவர்களல்ல, அணைக்கட்டில் இழந்தவர்கள். இரண்டையும் ஒன்று என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் புது வீட்டு வாசலில் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும் அந்த நிற்பு எனக்குத் தெரிந்ததாக இருந்தது. எனக்குத் தெரிந்த சிங்களத்தில், தையலைத் தள்ளி வைத்துவிட்டு, பழைய ஊரில் ஒவ்வொருவரும் என்ன செய்து விற்றார்கள் என்று கேட்டேன். மிளகு, கித்துள் பாணி, குரக்கன் என்று சொல்லிக்கொண்டே போனார்கள். யாரிடம் விற்றீர்கள், என்ன விலைக்கு என்று கேட்டபோது அறை அமைதியானது. வண்டிக்காரர் வருவார், அவர் சொல்லும் விலை.

தையல் இயந்திரங்கள் இன்னும் பெட்டிக்குள்தான் இருக்கின்றன. என்னை அனுப்பியவர்களுக்கு இதில் கொஞ்சம் கோபம். பயிற்சி தொடங்கிய படம் கேட்கிறார்கள். பதினெட்டுப் பேரில் ஐந்து பேரை அடுத்த வாரம் மாத்தளைச் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். மிளகு அங்கே கிலோ என்ன விலை, குரக்கன் மாவைப் பொதி செய்தால் யார் எடுப்பார்கள் என்று கடை கடையாகக் கேட்டு எழுதிக்கொண்டு வருவது அவர்கள் வேலை. பஸ் காசை மட்டும் நான் கேட்டு வாங்கியிருக்கிறேன்.